பிறக்கிராசியும் பெரகதோருவாவும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். வீட்டில் கிடைத்த பழைய காணி உறுதியொன்றில் (நிலப் பத்திரத்தில்) உங்கள் பூட்டனார் பெயருடன் ‘பிறக்கிராசி’ என்று எழுதியிருக்கிறது. உடன் வேலைசெய்யும் சிங்கள நண்பரிடம் இதைச் சொன்னபோது, “அது எங்கட பெரகதோருவாதானே” என்று சிரித்திருக்கிறார். பெரகதோருவா என்றால் படிப்பில்லாத கள்ள வக்கீல், நீதிமன்ற வாசலில் நின்று ஆள்பிடித்து வழக்கு மூட்டிவிடுபவன் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே சொல்தானா, பூட்டனார் அப்படிப்பட்டவரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிறக்கிராசி என்றால் பிறர் சார்பில் வழக்குக் காரியங்களைப் பார்த்துக்கொடுத்தவர். இரண்டு சொல்லும் ஒரே தாய்ச் சொல்லில் இருந்து வந்தவை. ஆனால் வந்த வழி வேறு. நண்பர் சொன்ன பொருளும் உண்மைதான். இன்றைய சிங்களத்தில் அந்தச் சொல் வசைதான். அந்த வசையைப் பழைய உறுதியில் உள்ள பிறக்கிராசியின் தலையில் வைக்க முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லின் பயணம் எனக்கு மிகவும் பிடித்தது.

தாய்ச் சொல் லத்தீன் மொழியின் ‘ப்ரோகுராட்டோர்’. ‘ப்ரோ’ என்றால் ஒருவருக்காக, ஒருவர் சார்பில். ‘கூரா’ என்றால் கவனிப்பு, அக்கறை. ஒருவருக்காக அவருடைய காரியத்தைக் கவனித்துக்கொள்பவர் ப்ரோகுராட்டோர். ரோமாபுரியில் வீடு நிலம் வைத்திருந்தவர் ஊரில் இல்லாதபோது சொத்தைப் பார்த்துக்கொண்டவரும் ப்ரோகுராட்டோர்தான், வழக்கில் அவருக்குப் பதிலாக நின்றவரும் ப்ரோகுராட்டோர்தான். பேரரசர் காலத்தில் மாகாணங்களில் பேரரசரின் வருமானத்தைக் கவனித்த அதிகாரிக்கும் அதே பெயர் வந்தது. யேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அந்தப் பட்டத்தால்தான் குறிப்பிடுகிறார். (1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டில் பிலாத்துவின் பட்டம் ‘ப்ரீபெக்ட்’ என்று இருக்கிறது. அது வேறு கதை.) ஆக, சொல் பிறந்த இடத்தில் அதில் ஒரு துளி இழிவும் கிடையாது. நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்பதுதான் பொருள்.

நாம் நாள்தோறும் சொல்லும் ‘வக்கீல்’ அப்படியே இதே கருத்தில் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். அரபியில் ‘வகீல்’ என்றால் காரியத்தை ஒப்படைத்து வைக்கப்பட்டவர். அந்த ஒப்படைப்புக்குப் பெயர் ‘வகாலத்’. நம் வக்காலத்து அதிலிருந்து வந்தது. இந்த வக்காலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஐரோப்பிய மொழிகளில் ப்ரோகுராட்டோர் பல வடிவம் எடுத்தது. ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து ‘ப்ரொக்டர்’ ஆனது. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை பார்ப்பவரைக்கூடச் சில நாடுகளில் அப்படித்தான் அழைக்கிறார்கள். ‘ப்ராக்ஸி’ என்கிறோமே, ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் போடும் வாக்கு, அதுவும் இதே குடும்பம்தான். ரஷ்யாவில் ‘ப்ரொகுரோர்’ என்றால் அரசுத் தரப்பில் குற்றவழக்கு நடத்துபவர். ஓரிடத்தில் மிக உயர்ந்த பதவி, இன்னோரிடத்தில் நீதிமன்ற வாசலில் நிற்கும் மரத்தடி ஆள். ஒரே சொல்தான்.

சரி, இலங்கைக்கு வருவோம்.

இந்தத் தீவுக்கு இந்தச் சொல் மூன்று தடவை, மூன்று கப்பல்களில் வந்தது. முதலில் போர்த்துக்கேயர். அவர்களின் வடிவம் ‘ப்ரொகுரதோர்’. சிங்கள வாய்க்குச் சொல்லின் தொடக்கத்தில் ‘ப்ர’ என்று இரண்டு மெய் சேர்ந்து வருவது வசதிப்படவில்லை, தமிழுக்கு வசதிப்படாதது போலவே. அதனால் ‘பெர’ என்று பிரித்தார்கள். மூன்று ரகரம் இருந்த சொல்லில் ஒன்று கழன்றுபோனது. மிச்சம் ‘பெரகதோரு’. ஆளைக் குறிக்கும் ‘வா’ விகுதியைச் சேர்த்தால் பெரகதோருவா. சிங்களத்தில் ‘பெர’ என்றால் ‘முன்’ என்ற பொருளும் உண்டு என்பதால், கேட்பவருக்கு அது உள்ளூரிலேயே பிறந்த சொல் போலத் தோன்றும்.

ரகரம் கழன்றுபோவதும் மாறுவதும் நமக்குப் புதிதல்ல. போர்த்துக்கேயரின் ‘அர்மாரியு’வில் இருந்த இரண்டு ரகரத்தில் ஒன்று லகரமாகித்தான் ‘அலமாரி’ வந்தது. ஒரே ஒலி அடுத்தடுத்து வந்தால் நாக்கு ஒன்றை விட்டுக்கொடுத்துவிடும்.

அப்படியானால் யாழ்ப்பாணத்துப் பிறக்கிராசியும் போர்த்துக்கேயச் சொல்தானா? பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிறக்கிராசி ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வழி வந்தது என்பது என் முடிவு. காரணம் சொல்லின் வாலில் இருக்கிறது.

போர்த்துக்கேய மொழியில் இதற்கு நெருங்கிய வடிவம் ‘ப்ரொகுரசாவ்ங்’, அதாவது ஒருவர் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அந்த மூக்கொலியோடு முடியும் போர்த்துக்கேயச் சொற்கள் தமிழுக்கு வந்தபோது என்ன ஆயின என்று பாருங்கள். ‘போத்தாவ்ங்’ பொத்தான் ஆனது. ‘பாவ்ங்’ இலங்கையில் பாண் ஆனது. ‘லெயிலாவ்ங்’ ஏலம் ஆனது. எதிலும் மூக்கொலி போகவில்லை. ன், ண், ம் என்று ஏதோ ஒன்றாக நின்றுவிட்டது. ஆகவே ப்ரொகுரசாவ்ங் தமிழுக்கு வந்திருந்தால் ‘பிறக்கிராசான்’ என்றோ ‘பிறக்கிராசம்’ என்றோ ஆகியிருக்க வேண்டும். ‘சி’ என்று முடிய வழியே இல்லை.

ஒல்லாந்த மொழியில் அதே பத்திரத்துக்குப் பெயர் ‘ப்ரொகுராட்சி’. தொடக்கத்து மெய்க்கூட்டைப் பிரித்து, கொஞ்சம் தமிழ்ப்படுத்திச் சொல்லிப் பாருங்கள்: பிறக்கிராசி. பொருத்தம் கச்சிதமாக இருக்கிறது.

“பத்திரத்தின் பெயர் எப்படி ஆளின் பெயராகும்?” என்று கேட்கலாம். அதற்குத்தான் வக்காலத்தை மனதில் வைக்கச் சொன்னேன். கட்சிக்காரர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள்தான் வக்காலத்து. ஆனால் பேச்சில் அது தாளை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது. “அவனுக்கு நீ என்ன வக்காலத்து?” என்று கேட்கும்போது எந்தத் தாளும் நம் கண்ணில் இல்லை, பரிந்து பேசும் ஆள்தான் இருக்கிறார். ஊர்மக்கள் கண்ணில் முக்கியமானது அந்தத் தாள். அது கையில் உள்ளவர்தான் கந்தோருக்குள் (அலுவலகத்துக்குள்) போய்ப் பேசலாம். ஆகவே தாளின் பெயராலேயே ஆளை அழைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உதவியிருக்கும். துபாசி, பரதேசி, சன்னியாசி என்று ‘சி’யில் முடியும் ஆட்பெயர்கள் தமிழில் முன்பே இருந்தன. துபாசிக்குப் பக்கத்தில் பிறக்கிராசி நின்றால் அந்நியமாகத் தெரியாது.

பிறக்கிராசியோடு சேர்ந்து வரும் சொற்களும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. மன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரைக் குறிக்கும் அப்புக்காத்து என்பது ஒல்லாந்தரின் ‘அட்வொகாத்’. போர்த்துக்கேயரின் ‘அட்வொகாது’வில் உள்ள மெல்லிய த அதில் இல்லை, அழுத்தமான த்து இருக்கிறது. உறுதி எழுதுபவரான நொத்தாரிசு அவர்களின் ‘நோத்தாரிஸ்’. கந்தோர் அவர்களின் ‘கந்தோர்’ (நம் தமிழ் இதை மாற்றக்கூட இல்லை). நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றிய பிஸ்கால் அவர்களின் ‘பிஸ்கால்’. யாழ்ப்பாணத்து நீதிமன்ற வளவில் புழங்கிய சொற்குடும்பம் முழுவதும் ஒல்லாந்தக் குடும்பம். மேசை, அலமாரி, சப்பாத்து, தவறணை என்று வீட்டுக்குள்ளும் தெருவிலும் இருப்பவை போர்த்துக்கேயம். உறுதி, வழக்கு, கந்தோர் என்று வந்தால் ஒல்லாந்தம். முழு விதியாகச் சொல்ல முடியாது, காணிப் பதிவேட்டைக் குறிக்கும் ‘தோம்பு’ போர்த்துக்கேயம்தான். ஆனாலும் பெரும்போக்கு இது.

அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை நேரடியாக ஆண்டது 1619 முதல் 1658 வரை, நாற்பது ஆண்டுகூட இல்லை. ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை இருந்தார்கள். அவர்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்த வணிகக் கும்பனி. யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டி 1707இல் தேசவழமையாக எழுதிக் கொடுத்தவர் கிளாஸ் இசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரிதான். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, உள்ளூர் அதிகாரிகளான பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி என்ற பின் நடைமுறைக்கு வந்தது. காணி வழக்குகளுக்கென்று ‘லாந்த்ராத்’ என்ற மன்றங்களை வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடிய தேட்டம் (தாமே தேடிய சொத்து) என்று வழக்கு முழுவதும் தமிழ் வாழ்க்கையைப் பற்றியது, எழுதுவதும் தீர்ப்பதும் ஒல்லாந்தத்தில். இடையில் ஒரு ஆள் இல்லாமல் ஊர்க்காரர் எப்படி நீதி கேட்பது? அந்த இடைவெளியில் நின்றவர்தான் பிறக்கிராசி.

மூன்றாவது கப்பல் ஆங்கிலேயருடையது. 1796க்குள் ஒல்லாந்தர் பகுதிகள் அவர்கள் கைக்கு வந்தன. இங்கிருந்த உரோமன்-ஒல்லாந்தச் சட்டத்தை அவர்கள் தூக்கி எறியவில்லை. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்திலேயே தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். 1801இல் அரச சாசனத்தின் மூலம் உச்ச நீதிமன்றம் வந்தது. சட்டத்தொழில் அட்வகேட், ப்ரொக்டர் என்று இரண்டாகப் பிரிந்து நின்றது. இங்கிலாந்தில் பொதுவாக வழங்கிய பாரிஸ்டர், சொலிசிட்டர் என்ற சோடி ஏன் இங்கே வரவில்லை என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். இங்கிலாந்திலேயே உரோமச் சட்டம் பின்பற்றப்பட்ட திருச்சபை நீதிமன்றங்களிலும் கடல் வழக்கு மன்றங்களிலும் அட்வகேட், ப்ரொக்டர் என்ற பெயர்கள்தான் இருந்தன. உரோமச் சட்டம் நடக்கும் நாட்டுக்கு உரோமச் சட்டத்தின் பெயர்கள் பொருந்திவிட்டன. இதன் விளைவு விசித்திரமானது: ஒரே லத்தீன் சொல்லின் மூன்று பேரப்பிள்ளைகள் (பெரகதோரு, பிறக்கிராசி, ப்ரொக்டர்) ஒரே தீவில் ஒரே வேலைக்குப் பெயராகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

வேலை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். கட்சிக்காரரை நேரில் பார்த்து, கதையைக் கேட்டு, ஆவணங்களைச் சேர்த்து, மனு எழுதி, திகதி எடுத்து, கட்டணம் வாங்குவது ப்ரொக்டர். பெரிய வழக்கில் மன்றத்தில் எழுந்து பேச அவர் ஒரு அப்புக்காத்தை ஏற்பாடு செய்வார். கையில் மையும் காசும் படுகிற வேலை ஒருவருக்கு, சபையில் பேசும் கௌரவம் இன்னொருவருக்கு. இப்படிப் பிரித்த ஊரிலெல்லாம் கீழே இருந்தவரின் பெயர்தான் கெட்டுப்போயிருக்கிறது. இங்கிலாந்தில் ‘அட்டர்னி’ என்ற பெயர் அவ்வளவு வசைபட்டது. 1455இலேயே நோர்போக்கில் ஆறு பேர், சபோக்கில் ஆறு பேர், நோரிச் நகரில் இரண்டு பேர் மட்டும்தான் அட்டர்னிகளாக இருக்கலாம் என்று பாராளுமன்றம் சட்டம் போட்டது. இவர்கள்தான் சந்தைக்குச் சந்தை போய் சண்டை மூட்டுகிறார்கள் என்று குற்றச்சாட்டு. 16ஆம் நூற்றாண்டில் அவர்களுக்கென்று ‘பெட்டிபாகர்’ என்ற வசையும் பிறந்துவிட்டது.

பெரகதோருவாவுக்கு நடந்ததும் இதுதான் என்பது என் கருத்து. ஆங்கிலேயர் காலத்தில் உரிமம் பெற்றவர் ‘ப்ரொக்டர்’ என்ற புதுப் பெயரை எடுத்துக்கொண்டார். பழைய பெயர், உரிமம் இல்லாமல் நீதிமன்ற வாசலில் மனு எழுதிக் கொடுத்தவர், சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தவர், கிராமத்தில் இருந்து கட்சிக்காரரைக் கூட்டிவந்தவர் இவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. புதுப் பெயர் கௌரவத்தைக் கொண்டுபோனது, பழைய பெயருக்கு மிச்சம் கிடைத்தது.

அவர்களில் மோசடிக்காரர் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களைத் திட்டியவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு, இந்தத் தீவு மக்கள் வழக்குப் பைத்தியம் பிடித்தவர்கள் என்ற எண்ணம் இருந்தது. 1840களில் இங்கே குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 10 தென்னை மரங்களில் 2,520இல் ஒரு பங்கு கேட்டு நடந்த வழக்கொன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். தலைமுறை தலைமுறையாகப் பிரிக்காமல் பங்கு போய்க்கொண்டிருந்த காணியில் வாழ்ந்தவருக்கு, அந்தப் பங்கை ஒருமுறை விட்டுக்கொடுத்தால் காணியில் தனக்கு இருக்கும் உரிமையே போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு, அவருடைய மொழியிலேயே கேட்டு, நீதிமன்றத்தின் மொழியில் எழுதிக் கொடுத்தவர் மரத்தடிக்காரர்தான். அப்புக்காத்தின் வீட்டு வாசற்படி ஏற அந்த விவசாயியிடம் காசும் இல்லை, துணிவும் இல்லை. மரத்தடிக்காரரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாதியை விட்டுவிடுவது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதே கதை ஒல்லாந்தர் ஆண்ட இன்னொரு நாட்டிலும் நடந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. இந்தோனேசியாவில் ஒல்லாந்தரின் ‘ப்ரொகுரோர்’ என்ற சொல் ‘பொக்ரோல்’ ஆனது. பட்டம் இல்லாமல் ஏழைகளுக்கு வழக்குப் பார்த்தவரை ‘பொக்ரோல் பம்பு’ என்றார்கள். பம்பு என்றால் மூங்கில். மூங்கில் வக்கீல்! அங்கும் சுதேசிகளுக்கான மன்றத்தின் பெயர் லாந்த்ராத்தான். நம் பக்கம் மரத்தடி, அவர்கள் பக்கம் மூங்கில். இன்று அங்கே வீண்வாதம் செய்பவனுக்கும் அது வசைப்பெயர். மலேசியத் தமிழர்கள் ‘லோயர் பூரோக்’ என்று மலாய்க்காரர் சொல்வதைக் கேட்டிருப்பார்கள். ‘கெட்ட வக்கீல்’ என்று பொருள், வாய்ச்சவடால் பேர்வழியைக் குறிக்கும். அதில் சொல் மட்டும் ஆங்கிலத்தின் ‘லாயர்’.

தமிழில் பிறக்கிராசி ஏன் இப்படி வசையாகவில்லை? அது சீக்கிரமே வழக்கொழிந்துவிட்டது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். ‘புறொக்ரர்’ (ப்ரொக்டர்தான்) என்ற ஆங்கிலப் பெயர் வந்தபின் பிறக்கிராசி மெல்ல மெல்லப் பழைய உறுதிகளுக்குள் போய்விட்டது. கெட்டுப்போகும் அளவுக்கு அது தெருவில் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கேலி போய் உட்கார்ந்தது மற்றச் சொல்லின் மேல். “பெரிய அப்புக்காத்து மாதிரிக் கதையாதே” என்று சின்னப்பிள்ளைகளை அதட்டுவார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்புக்காத்து என்பது உண்மையில் ஒரு தொழிலின் பெயர் என்று பத்துப் பன்னிரண்டு வயதில்தான் தெரிந்தது. அதிலும் இழிவைவிடக் கெட்டிக்காரத்தனத்தின் மேல் இருக்கும் எரிச்சல்தான் அதிகம்.

இலங்கையில் அட்வகேட், ப்ரொக்டர் என்ற பிரிவு இன்று இல்லை. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. 1974 தொடக்கத்தில் இருந்து எல்லோரும் சட்டத்தரணிகள். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் பிளீடர், முக்தியார் போன்ற பழைய தரங்களுக்கு முடிவுகட்டியதோடு ஒப்பிடலாம். ஆங்கிலத்தில் சட்டத்தரணிக்கு இலங்கை எடுத்துக்கொண்ட பெயரில் ‘அட்டர்னி’ என்ற சொல் இருக்கிறது. இங்கிலாந்து 1870களில், பெயர் கெட்டுவிட்டதென்று கைவிட்டு எல்லோரையும் சொலிசிட்டர் ஆக்கிய அதே சொல். நம் ஊரில் அதே அட்டர்னி ‘அற்றோணித் தத்துவம்’ என்ற பெயரில் நொத்தாரிசு கந்தோர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம். ஒல்லாந்தர் காலத்தில் அதைத்தான் ப்ரொகுராட்சி என்றார்கள்.

இனி உங்கள் பூட்டனார். உறுதியில் ஒருவர் பெயரோடு ஏதாவது சேர்த்து எழுதுவது அவரை அடையாளம் காட்டத்தான். உடையார், விதானை, நொத்தாரிசு என்று எழுதிய அதே மரியாதையோடுதான் பிறக்கிராசி என்றும் எழுதியிருப்பார்கள். வசைப்பெயரை எந்த நொத்தாரிசும் உறுதியில் எழுதமாட்டார். அந்தத் தாளை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அவர் பெயர் காணியை விற்றவராகவோ வாங்கியவராகவோ வருகிறதா, அல்லது வேறொருவருக்காகக் கையெழுத்திட்டவராக வருகிறதா? முதலாவது என்றால் பிறக்கிராசி அவருடைய தொழில். இரண்டாவது என்றால், சொல்லின் மிகப் பழைய பொருளிலேயே அது எழுதப்பட்டிருக்கலாம்: அந்தக் காணிக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில், அவருக்காகக் காரியத்தைக் கவனித்துக்கொண்டவர் உங்கள் பூட்டனார்.